உடம்புக்கு வந்ததை ஆங்கிலத்தில் சொல்ல: ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதி தோட்டப்புறத்துக்கு எவ்வளவு உதவும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு உட்கார்ந்தால் மலாய் போதும். டாக்டர் நம்மவராக இருந்தால் தமிழே போதும். ஆங்கிலம் கேட்கும் இடங்கள் வேறு. ஈப்போ தனியார் மருத்துவமனையில் நிபுணர் முன்னால் பாட்டிக்காகப் பேசும் பேத்திக்கு அது வேண்டும். விடியற்காலையில் சூப்பர்வைசருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) விடுப்புச் செய்தி அனுப்பும் தொழிற்சாலைப் பையனுக்கும், காப்புறுதிப் பாரத்தில் ‘என்ன நடந்தது’ என்ற கட்டத்தை நிரப்பும் குடும்பத்துக்கும், தாதியர் பயிற்சி நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைக்கும் வேண்டும். இவர்களுக்குப் பெரிய மருத்துவச் சொற்கள் ஒரு சிக்கல் இல்லை. டயபிட்டீஸ், கொலஸ்ட்ரால், டயாலிசிஸ் எல்லாம் தோட்டத்தில் எல்லார் வாயிலும் இருக்கிறது. விக்கல், புரையேறல், மரத்துப் போனது, கண் துடிப்பது, வயிறு உப்பியது என்று தினம் நடப்பதைச் சொல்லத்தான் தடுமாறுகிறார்கள்.

இந்த வேலைக்கு எந்த அகராதி உதவும் என்று கேட்பவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைத் தயங்காமல் சொல்லலாம். ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்பவர்களுக்காகவே பிறந்த அகராதி இது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் சகாக்களோடு தொகுத்து, 1942-இல் தோக்கியோவில் முதலில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பானது. பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது. ஒரு வினைச்சொல்லை எந்த வாக்கிய அமைப்பில் பொருத்த வேண்டும் என்று காட்டுவதில்தான் ஹார்ன்பி அதிகக் கவனம் செலுத்தினார். உடம்பு பற்றிய பேச்சில் நமக்கு இடறுவதும் அந்த இடம்தான்.

தமிழில் எனக்குத் தும்மல் வருது, எனக்கு வேர்க்குது, எனக்குத் தலை வலிக்குது, எனக்கு அரிக்குது என்று எல்லாவற்றையும் ‘எனக்கு’ என்றே தொடங்கிவிடலாம். ஆங்கிலம் இதை நாலு வழியாகப் பிரிக்கிறது. தும்முவது, கொட்டாவி விடுவது, மயங்கி விழுவது, வேர்ப்பது எல்லாம் ஆளே செய்யும் வினைகள்: “ஐ ஸ்னீஸ்ட்”, “ஐ ஃபெயின்டட்”. இருமல், காய்ச்சல், தலைவலி ஆகியவை ஆளிடம் இருக்கும் பொருள்கள்: “ஐ ஹேவ் எ கொஃப்”, “ஐ ஹேவ் எ ஹெடேக்”. மூக்கு ஒழுகுவது, கண் துடிப்பது, வயிறு கடமுடா என்பது எல்லாம் அந்தந்த உறுப்பின் வேலை: “மை நோஸ் இஸ் ரன்னிங்”, “மை ஐலிட் இஸ் ட்விச்சிங்”, “மை ஸ்டமக் இஸ் ரம்ப்ளிங்”. எரிச்சல், அரிப்பு, வலி என்றால் “இட் ஸ்டிங்ஸ்”, “இட் இட்சஸ்”, “இட் ஹர்ட்ஸ்”. தமிழ்–ஆங்கிலக் கையகராதி ‘வலி’க்கு ‘பெயின்’ என்று ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் “ஐ ஆம் பெயினிங்”, “மை ஹெட் இஸ் பெயினிங்” என்று கட்டுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அந்தச் சொல்லைத் திறந்தால், பெயர்ச்சொல்லாகத்தான் அது பெரிதாக விரிந்திருக்கும். வினைச்சொல்லாக வரும்போது ‘ஃபார்மல்’ (முறைசார் வழக்கு) என்ற அடையாளமும், ‘-இங்’ வடிவத்தில் வராது என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே இருக்கும். “மை ஹெட் ஹர்ட்ஸ்” என்பதற்கு அங்கிருந்து ‘ஹர்ட்’ என்ற சொல்லுக்குத் தாவ வேண்டியதுதான்.

‘ஏக்’ ஒட்டி வருவது உடம்பில் ஐந்தே இடங்களுக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்: தலை, பல், காது, வயிறு, முதுகு. முழங்காலுக்கோ தோளுக்கோ அப்படி ஒட்டிப் பேசுவது வழக்கமில்லை. “ஐ ஹேவ் எ பெயின் இன் மை நீ” என்றுதான் வரும். தொண்டைக்கு ‘சோர்’. மழைக்கு முன் எல்லாச் செம்பனைக் குலையையும் இறக்கிவிட்டு மறுநாள் உடம்பு முழுக்க வலிக்கிறதே, அதற்கு “ஐ ஏக் ஆல் ஓவர்”.

இனி, ஒரு தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகப் பிரியும் இடங்கள். இந்த அகராதி தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். தவறு ஆபத்தாக முடிவதும் இங்கேதான்.

‘மயக்கம் வந்துச்சு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் குலையிலிருந்து உதிர்ந்த பழம் பொறுக்கும்போது தலை சுற்றியதா, கண் இருண்டு விழப்போவது போல இருந்ததா, நிஜமாகவே நினைவு தப்பி விழுந்தாரா? மூன்றும் தமிழில் மயக்கம்தான். டாக்டர் முதலில் பிரித்தறிய நினைப்பதும் இந்த மூன்றைத்தான், ஏனென்றால் நினைவு தப்பியிருந்தால் அடுத்துச் செய்யும் சோதனைகளே வேறாகிவிடும். அகராதியில் ‘ஃபெயின்ட்’ என்று தேடினால் உரிச்சொல்லாக ஒன்று, வினையாக ஒன்று என்று தனித்தனிப் பதிவுகள் வரும். உரிச்சொல் விழப்போகும் நிலை: “ஷி ஃபெல்ட் ஃபெயின்ட்”. வினை விழுந்தே விட்ட நிகழ்வு: “ஷி ஃபெயின்டட்”, அல்லது பேச்சு வழக்கில் “ஷி பாஸ்ட் அவுட்”. சுற்றல் மட்டும் என்றால் “ஷி ஃபெல்ட் டிஸி”. அறையே சுற்றியது என்றால் “தி ரூம் வாஸ் ஸ்பின்னிங்” என்று அப்படியே சொல்லலாம். முதல் பதிவைப் பார்த்த வேகத்தில் மூடிவிட்டால் இந்த வேறுபாடு கைநழுவும். அடுத்த பதிவையும் திறந்து பாருங்கள்.

அடுத்தது ‘ரத்தம் கட்டியிருக்கு’. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘ப்ளட் க்ளாட்’ ஆகிவிடும். அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து நிற்பது. காலில் இருந்தால் நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடையில் நீலம் பாய்ந்திருப்பதற்குச் சொல் ‘ப்ரூஸ்’. “ஐ ஹேவ் எ ப்ரூஸ் ஆன் மை தை.” காப்புறுதிப் பாரத்தில் இந்த ஒரு சொல் மாறினாலும் கேள்விக்கு மேல் கேள்வி வரும்.

‘நரம்பு’ இதைவிடக் குழப்பும். நம் பேச்சில் நரம்பு என்பது உணர்வு நரம்பாகவும் இருக்கலாம், கையில் புடைத்துத் தெரியும் ரத்தக் குழாயாகவும் இருக்கலாம், தசைநாராகவும் இருக்கலாம். ‘நர்வ்’, ‘வெய்ன்’, ‘டெண்டன்’ மூன்றையும் அகராதியில் திறந்து விளக்கத்தைப் படித்தால் போதும். இந்த விளக்கங்கள் பெரும்பாலும் மூவாயிரம் அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை. மூன்றாம் படிவ (இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு) பிள்ளை தட்டுத்தடுமாறியாவது படித்துவிடும். ராத்திரி கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது என்றால் அங்கே நரம்பே கிடையாது. அது தசைப்பிடிப்பு: “ஐ காட் எ க்ராம்ப் இன் மை காஃப்”. மூட்டை தூக்கும்போது முதுகில் ‘நரம்பு பிசகியது’ என்றால் பெரும்பாலும் “ஐ புல்ட் எ மஸில் இன் மை பேக்”. காலையில் எழுந்ததும் கழுத்துச் சுளுக்கு என்றால் “ஐ ஹேவ் எ ஸ்டிஃப் நெக்”.

கால், கை விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணுக்காலுக்குக் கீழே ‘ஃபுட்’, மேலே ‘லெக்’. மணிக்கட்டுக்குக் கீழே ‘ஹேண்ட்’, மேலே ‘ஆர்ம்’. “மை லெக் இஸ் ஸ்வோலன்” என்று சொல்லிவிட்டுப் பாதத்தைக் காட்டினால் நேரில் சமாளிக்கலாம். தொலைபேசியிலும் எழுத்திலும் சமாளிக்க முடியாது. ‘கட்டி’யும் அப்படித்தான். சீழ் வைத்தது ‘பாய்ல்’, செருப்பு கடித்து நீர் கோத்தது ‘ப்ளிஸ்டர்’, தோலுக்கு அடியில் கையில் தட்டுப்படுவது ‘லம்ப்’. எடுத்த எடுப்பில் ‘டியூமர்’ என்று சொல்லிவிட வேண்டாம்.

மரத்துப் போவதில் இரண்டு கட்டம் உண்டு. உணர்வே இல்லாதது ‘நம்ப்’. சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தபின் சுருக் சுருக்கென்று குத்துவது ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’. ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திரும்பும்போது வருவது இது என்பது வரை அகராதி விளக்குகிறது. “மை ஃபுட் ஹேஸ் கான் டு ஸ்லீப்” என்றால் சாதாரணம். ஆனால் உட்காராமல், நசுங்காமல், திடீரென ஒரு பக்கக் கை கால் மரத்தால் அது ‘நம்ப்’; பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் அதற்குத் தூங்கிய கால் என்ற லேசான சொல்லைப் போடக் கூடாது.

புரையேறியதற்கும் தொண்டையில் சிக்கியதற்கும் உள்ள வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. தண்ணீர் புரையேறி இருமினால் “இட் வென்ட் டவுன் தி ராங் வே”. “ஹி இஸ் சோக்கிங்” என்றால் மூச்சுப் பாதை அடைபட்டு அவர் மூச்சுக்குத் திணறுகிறார் என்று பொருள். கேட்டவர் ஓடி வருவார்.

சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும் அடையாளங்களைப் பலர் பார்ப்பதே இல்லை. இந்த அகராதியில் நாங்கள் மிகவும் மதிப்பது அவற்றைத்தான். ‘இன்ஃபார்மல்’, ‘ஃபார்மல்’, ‘ஸ்லாங்’, ‘டபூ’, ‘பிரிட்டிஷ்’, ‘நார்த் அமெரிக்கன்’. சிறுநீர் கழிப்பதற்கு ‘யூரினேட்’ எங்கும் பொருந்தும் மருத்துவச் சொல். ‘பீ’ வீட்டுப் பேச்சு. ‘வீ’ பிரிட்டிஷ் குழந்தைப் பேச்சு. “இட் பர்ன்ஸ் வென் ஐ பீ” என்று ஒரு பெண் டாக்டரிடம் சொன்னால் அதில் எந்த அநாகரிகமும் இல்லை. ஆங்கிலம் பேசுபவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வாயு பிரிவதற்கு வீட்டுப் பையன்கள் சொல்லும் நாலெழுத்துச் சொல்லைத் தேடினால் ‘டபூ, ஸ்லாங்’ என்று போட்டு, இதைவிட மரியாதையாகச் சொல்ல ‘ப்ரேக் விண்ட்’ என்று அங்கேயே எடுத்துக் கொடுக்கிறது. இந்த ஒரு உதவியைக் கையகராதி எதுவும் செய்வதில்லை.

‘சிக்’ என்ற சொல்லைத் தனியாகப் பாருங்கள். பிரிட்டிஷ் வழக்கில் “ஐ ஃபீல் சிக்” என்றால் குமட்டுகிறது. “ஐ வாஸ் சிக்” என்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன். அமெரிக்க வழக்கில் உடம்பு சரியில்லை என்பதற்குத்தான் அது முதலில் வரும். சூப்பர்வைசருக்கு எழுதும்போது இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் “ஐ ஆம் நாட் ஃபீலிங் வெல்” என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லலாம்: “ஐ ஹேவ் பீன் வாமிட்டிங் சின்ஸ் லாஸ்ட் நைட்.”

பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘கவுண்டபிள்’ (எண்ணக்கூடியது), ‘அன்கவுண்டபிள்’ (எண்ண முடியாதது) என்று இருப்பது வெறும் இலக்கணமாகத் தோன்றும். ஆனால் ‘எ’ போடலாமா என்பதை அதுதான் தீர்க்கும். ஹெடேக், கோல்ட், ஃபீவர், சோர் த்ரோட் ஆகியவற்றுக்கு ‘எ’ வேண்டும். டயரியா, கான்ஸ்டிபேஷன், ஹார்ட்பர்ன் ஆகியவற்றுக்குக் கூடாது. பல்வலிக்கு இரண்டும் உண்டு. விக்கல் பன்மையில் வரும்: “ஐ ஹேவ் காட் தி ஹிக்கப்ஸ்”. நாள் கணக்கு சொல்லும்போது நம் ஊரில் எல்லாரும் செய்யும் பிழை “ஐ ஆம் கொஃபிங் சின்ஸ் த்ரீ டேஸ்”. நாள் எண்ணிக்கைக்கு ‘ஃபார்’, தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’, வினை “ஹேவ் பீன் கொஃபிங்”. இது ‘சின்ஸ்’ பதிவின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் தெளிவாகத் தெரியும்.

இணையப் பக்கத்தில் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டினால் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் கேட்கலாம். உடம்புச் சொற்களுக்கு இது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எழுத்தைப் பார்த்து வாசித்தால் பாதி தப்பிப்போகும். சளிக்கான ‘phlegm’ என்ற சொல்லில் ஜி ஒலிக்காது, ‘ஃப்லெம்’. கெண்டைக்கால் ‘காஃப்’, இருமல் ‘கொஃப்’. நீட்டல் குறுக்கலில் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

நம் நாட்டு ஆங்கிலத்துக்கு இந்த அகராதி போதாது. இது பெரிய குறைதான். மலேசிய டாக்டர்களும் தாதிகளும் வயிற்றுப்போக்கை ‘பர்ஜிங்’ என்பார்கள். வயிற்றெரிச்சலுக்கு நம் மக்கள் ‘கேஸ்ட்ரிக்’ என்பார்கள். மூக்கொழுகினாலே ‘ஃப்ளூ’ என்பார்கள். உடம்புச் சூட்டுக்கு ‘ஹீட்டி’. இவை ஈப்போவில் செல்லும். தவறென்று சொல்லி விரட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ ‘ஃப்ளூ’ என்றால் ஆளைப் படுக்கையில் தள்ளும் இன்ஃபுளுவென்சா காய்ச்சல். ‘கேஸ்ட்ரிக்’ தனியாக நின்றால் அங்கே புரியாது. நெஞ்செரிச்சலுக்கு ‘ஹார்ட்பர்ன்’, மேல்வயிற்று வலிக்கு ‘ஸ்டமக் பெயின்’. ‘சூடு பிடிச்சிருக்கு’ என்பதை எங்கேயும் மொழிபெயர்க்காதீர்கள். சிறுநீர் எரிகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, மஞ்சளா சிவப்பா என்று நடந்ததைச் சொல்லுங்கள். ‘வாயு பிடிச்சிருக்கு’ என்பதும் அப்படியே: நெஞ்சில் வலி என்றால் ‘கேஸ்’ என்று நாமே முடிவுகட்டாமல் “ஐ ஹேவ் எ டைட் ஃபீலிங் இன் மை செஸ்ட்” என்று உணர்ந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

‘மோஷன்’ விஷயத்தில் மட்டும் நம் மக்கள் பக்கம் அகராதி நிற்கிறது. மலம் கழிப்பதற்கு இந்தச் சொல்லைப் பிரிட்டிஷ், ஃபார்மல் என்ற அடையாளத்தோடு ஏற்றிருக்கிறார்கள். இங்குள்ள வார்டில் “ஹேவ் யூ பாஸ்ட் மோஷன்?” என்று கேட்பது வழக்கம்தான். அமெரிக்கர் என்றால் ‘பவல் மூவ்மென்ட்’ என்பார்.

தமிழிலிருந்து உள்ளே நுழைய வழி இல்லை என்பது அடுத்த குறை. ‘விக்கல்’ என்று தட்டினால் ஒன்றும் வராது. அதனால் இரண்டு படியாகப் போக வேண்டும். ‘வயித்தால போகுது’ என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் அதையே நல்ல தமிழில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: எது போகிறது, தண்ணீராகவா, எப்போதிலிருந்து, எத்தனை தடவை, ரத்தமோ சளியோ உண்டா. பேச்சுத் தமிழை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் வயிறு எங்கோ நடந்து போவதாக வரும் அபாயம் உண்டு. ‘வயிற்றுப்போக்கு’ என்று போட்டால் சரியான பெயர்ச்சொல் கிடைத்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் எடுத்து அகராதியில் தேடி, அடையாளத்தைப் பார்த்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தின் அமைப்பைப் பிடித்து, நம் விவரத்தைப் போட வேண்டும்: “ஐ ஹேவ் ஹேட் டயரியா சின்ஸ் லாஸ்ட் நைட். ஐ ஹேவ் பீன் டு தி டாய்லெட் சிக்ஸ் டைம்ஸ். இட்ஸ் வாட்டரி. தேர்ஸ் நோ ப்ளட்.” நாலு குட்டி வாக்கியம். டாக்டர் கேட்கப்போகும் நாலு கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. செயலி கொடுக்கும் முழு வாக்கியத்தை நம்பி அனுப்புவதைவிட இதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகும்; ஆனால் வாக்கியம் நம்முடையதாக இருக்கும், மறுகேள்வி வந்தால் தடுமாற மாட்டோம்.

வாங்குவதா வேண்டாமா? இணையப் பதிப்பு இலவசம், விளம்பரம் வரும், கைபேசிச் சமிக்ஞை வேண்டும். செம்பனைக்காட்டுக்குள் சமிக்ஞை விட்டு விட்டு வரும் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு அச்சுப் புத்தகம் இன்னும் பொருள் உள்ளது. ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல் கனமான புத்தகம் என்பதால் வீட்டு மேசையில் வைத்துப் படிக்கத்தான் ஆகும். பழைய புத்தகக் கடையில் எட்டாம், ஒன்பதாம் பதிப்பு கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். தும்மலுக்கும் இருமலுக்கும் சொல் மாறவில்லை. பின்னட்டையும் ஓரமும் கரையான் அரிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில் இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு லாங்மேன் டிக்‌ஷனரி ஆஃப் கான்டெம்பரரி இங்கிலீஷ் பொருத்தம். 1978-இல் முதலில் வந்தபோதே விளக்கங்களை ஏறக்குறைய இரண்டாயிரம் சொற்களுக்குள் அடக்கி எழுதிய அகராதி அது, இணையத்திலும் இலவசம்.

நிதானமாக உட்கார்ந்து தயார் செய்ய நேரம் இருக்கும்போதுதான் இதெல்லாம் பயன்படும். மறுநாள் நிபுணரைப் பார்க்கப் போகிறார் என்றால் முதல் நாள் இரவே சொற்களைத் தேடி ஒரு தாளில் எழுதி, பாட்டியிடம் தமிழில் கேட்டுச் சரிபார்த்து, கையில் கொடுத்து அனுப்புங்கள். நெஞ்சு அடைக்கிறது, ஒரு பக்கம் வாய் கோணுகிறது, ஆள் கீழே விழுந்து கிடக்கிறார் என்றால் அகராதியைத் திறக்காதீர்கள். 999-ஐ அழைத்து, மூச்சுத் திணறலுக்கு ‘செசாக் நாஃபாஸ்’, நெஞ்சு வலிக்கு ‘சாகிட் டாடா’, நினைவு தப்பியதற்கு ‘பெங்சான்’ என்று மலாயிலேயே சொல்லி, தோட்டத்தின் பெயரையும் எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.